தேக்குக்குப் பதில் எந்த மரம்? எழுதுமேசை, புத்தக அலமாரி, தோட்டத்துப் பெஞ்ச்

புதுஉளி

அனைவருக்கும் வணக்கம். கைக்கருவிகளை வைத்து மரவேலை கற்றுக்கொண்டு வருகிறேன். இதுவரை பெட்டி உடைத்த பைன் கட்டைகளில்தான் பழகினேன். இப்போது வீட்டுக்கு மூன்று பொருள்கள் செய்ய வேண்டும். ஓர் எழுதுமேசை, 90 சென்டிமீட்டர் நீளத் தட்டுகள் கொண்ட ஒரு புத்தக அலமாரி, தோட்டத்தில் வெயிலிலும் மழையிலும் கிடக்கப்போகும் ஒரு பெஞ்ச்.

மூன்றையும் தேக்கில் செய்ய ஆசை. கணக்குப் போட்டுப் பார்த்தால் பெஞ்சுக்கு மரம் வாங்கும்போதே கையிருப்பு தீர்ந்துவிடும். ரப்பர் மரம், மா, வாகை, வேம்பு, அகேசியா என்று ஆளுக்கொரு பெயர் சொல்கிறார்கள். மூன்றுக்கும் பொருந்தும் மலிவான மரம் ஒன்றைச் சொல்லுங்கள். என்னிடம் இழைப்புளி, ரம்பம், உளி, கொட்டாப்புளி மட்டுமே இருக்கின்றன. இயந்திரம் எதுவும் இல்லை.

வைரக்கட்டை

தம்பி, தேக்குக்கு நிகர் தேக்குதான். சுருக்கம் குறைவு, கரையான் எளிதில் அண்டாது, மழையில் கிடந்தாலும் அதிலிருக்கும் எண்ணெய்ப் பசை காப்பாற்றும். மலிவு மரத்தில் மாதக்கணக்கில் உழைத்துவிட்டு அது உளுத்துக் கொட்டுவதைப் பார்ப்பது பெரிய வேதனை. மரத்தின் விலையைவிட உங்கள் உழைப்பின் விலை பெரிது. மூன்று பொருளை இப்போதே செய்தாக வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. ஒன்றை மட்டும் தேக்கில் செய்யுங்கள். மற்ற இரண்டுக்கும் பொறுத்திருங்கள்.

தச்சுப்பட்டறை

தேக்கின் குணத்தை வைரக்கட்டை சரியாகவே சொல்லியிருக்கிறார். அந்தக் குணம் எல்லாம் இந்த மூன்று பொருளுக்கும் வேண்டுமா என்பதுதான் கேள்வி. அறைக்குள் சுவரோரமாக நிற்கப்போகும் புத்தக அலமாரிக்கு மழையைத் தாங்கும் எண்ணெய் எதற்கு? அதற்குக் கொடுக்கும் காசு வீண். அலமாரித் தட்டுக்கு வேண்டியது பாரத்தில் தொய்யாத விறைப்பு. மேசையின் மேற்பலகைக்கு வேண்டியது பருவம் மாறும்போது குழியாமலும் வெடிக்காமலும் அடங்கி இருக்கும் தன்மை. பெஞ்சுக்குத்தான் அழுகலைத் தாங்கும் மரம் வேண்டும்.

எனவே, மூன்றுக்கும் ஒரே மரம் என்று தேடுவதை விட்டுவிடுங்கள். ஒரு பொருளுக்குள்ளேயே ஒரே மரம் என்றும் இல்லை. பழைய ஆசாரிகள் இழுப்பறையின் முகப்புக்கு ஒரு மரமும் உள்பக்கப் பலகைக்கு வேறு மரமும் போடுவார்கள். கண்ணில் படுகிற இடத்தில் நல்ல மரம், படாத இடத்தில் இலேசான மரம். சிக்கனம் மட்டும் இல்லை, இழுப்பறை இலேசாக ஓடவும் அதுதான் நல்லது.

நீங்கள் சொன்ன பெயர்களை என் கைப்பழக்கத்தை வைத்துச் சொல்கிறேன்.

வாகை: வைரம், அதாவது மரத்தின் முதிர்ந்த உட்பகுதி, நல்ல பழுப்பு, கருங்கோடுகள் ஓடும். தேக்குப் பிரியர்களையும் திரும்பிப் பார்க்க வைக்கும் நிறம். வைரத்தைச் சுற்றியுள்ள வெளிர்நிற வெள்ளைப் பகுதி அகலமாக இருக்கும். அதில் வண்டு விழும், கழித்துவிட வேண்டும். இழை பின்னிக்கொண்டு ஓடுவதால் இழைப்புளி சில இடங்களில் பிய்க்கும். மேசைக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

வேம்பு: வைரத்தைப் பூச்சி எளிதில் தொடாது. ஆனால் நேரான நீளக் கட்டை கிடைப்பது அரிது, கணு அதிகம். அலமாரிச் சட்டத்துக்கு நல்ல மரம்.

பலா: இந்தப் பட்டியலில் இல்லை, இருக்க வேண்டும். அறுத்தவுடன் பளிச்சென்ற மஞ்சளாக இருந்து, வெளிச்சம் பட்டுப் பட்டுத் தேன் நிறமாகி, பிறகு பழுப்பாகும். கரையானுக்குத் தாங்கும். வீணையும் மிருதங்கமும் செய்ய இதைத் தேர்ந்தெடுத்தவர்கள் காரணமில்லாமல் தேர்ந்தெடுக்கவில்லை. உளிக்கு இதமாக இசைந்து கொடுக்கும்.

குமிழ்: மென்மையான மரம், நகம் அழுத்தினாலே தடம் விழும். சுருக்கம் குறைவு என்பதால் இழுப்பறைப் பக்கப் பலகைக்கும் அலமாரியின் பின்பலகைக்கும் அருமையாகப் பொருந்தும்.

ரப்பர், மா பற்றி மற்றவர்கள் சொல்லட்டும். நான் அவற்றில் அதிகம் வேலை செய்ததில்லை.

கடைசல்காரி

ரப்பரும் மாவும் எனக்கு நெருக்கமான மரங்கள், நான் சொல்கிறேன். இரண்டும் மரத்துக்காக வளர்க்கப்பட்டவை அல்ல. ரப்பரைப் பால் வற்றும் வயதில், ஏறத்தாழ 25 முதல் 30 ஆண்டுகளில் வெட்டுகிறார்கள். மாமரத்தைக் காய்ப்பு ஓய்ந்த பிறகு வெட்டுகிறார்கள். விலை குறைவாக இருப்பதற்கு அதுதான் காரணம். தரம் குறைவு என்பதால் இல்லை. மரவேலைக்கு எடுக்காவிட்டால் பெரும்பகுதி அடுப்புக்குப் போயிருக்கும்.

ரப்பர் வெளிர் கிரீம் நிறம், இழை நேர், இழைக்கவும் அறுக்கவும் சுகம். கடினத்தில் தேக்குக்குச் சற்றே கீழே. உருண்டையான எஃகுக் குண்டைப் பாதி விட்டம் வரை மரத்தில் அழுத்தி, அதற்குத் தேவைப்படும் விசையை அளப்பதுதான் ஜான்கா சோதனை. அதில் தேக்கு 4.7 கிலோநியூட்டன் அளவில் நிற்கிறது, ரப்பர் 4.3 அளவில் நிற்கிறது. புத்தக அலமாரிக்கு இந்த வித்தியாசம் ஒரு பொருட்டே இல்லை.

மா கொஞ்சம் அடாவடி. இழை பின்னல், ஒரே பலகையில் மஞ்சள், பழுப்பு, சாம்பல், இளஞ்சிவப்பு எல்லாம் வரும். பூஞ்சை ஓடிய கட்டையில் கருங்கோடுகள் வரைபடம் போட்டதுபோல இருக்கும். கடைசலில் அது அள்ளும் அழகு! நீளப் பலகையாக்கி மேசை செய்வதானால் நன்றாக உலர்ந்த கட்டை மட்டும் வாங்குங்கள், இல்லாவிட்டால் திருகிக்கொள்ளும். இரண்டு மரத்தையும் மழையில் மட்டும் வைக்காதீர்கள்.

வைரக்கட்டை

ரப்பர் மரத்தை இவ்வளவு புகழ்வதை என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை, அக்கா. ரப்பர் சட்டத்தில் ஊசிமுனைத் துளைகளும் அடியில் மாவு போன்ற தூளும் பலமுறை பார்த்திருக்கிறேன். அந்த மரத்தில் வைரமென்று தனியாக ஒன்றும் பாய்வதில்லை. முழுவதும் மாச்சத்து. வண்டுக்கு விருந்து வைத்த மாதிரிதான்.

கடைசல்காரி

நீங்கள் பார்த்தது உண்மைதான், அதை மறுக்கவில்லை. அது மருந்து ஏறாத ரப்பர். வெட்டிய ரப்பர் மரத்தைச் சில நாட்கள் அப்படியே போட்டால் நீலக்கறை ஏறிவிடும், வண்டும் இறங்கிவிடும். அதனால் அறுத்த கையோடு போராக்ஸ், போரிக் அமிலக் கரைசலை அழுத்தத்தில் ஏற்றி, பிறகு சூளையில் உலர்த்த வேண்டும். இது முறையாக நடந்த மரத்தை உள்ளறையில் வைத்தால் வண்டு வராது. போரான் உப்பு தண்ணீரில் கரைந்து வெளியேறும் என்பதால்தான் ரப்பரை மழைக்கு வைக்கக் கூடாது என்கிறேன்.

வாங்கும்போது இரண்டு கேள்வி கேளுங்கள்: மருந்து ஏற்றியதா, சூளையில் உலர்த்தியதா? இரண்டுக்கும் தெளிவான பதில் வராவிட்டால் வாங்க வேண்டாம். மருந்து பலகையின் நடுவரை ஏறியிருக்க வேண்டும். மேலே மட்டும் பூசியிருந்தால், நீங்கள் இழைக்கும்போதே சீவலோடு போய்விடும்.

ஒட்டுப் பலகையாக வருவதில் இன்னொரு வசதி உண்டு. சிறு சிறு துண்டுகளை விரல் கோத்தது மாதிரி வெட்டி ஒட்டியிருப்பார்கள். தனிப்பலகையின் முறுக்கம் அதில் இருக்காது. இயந்திரம் இல்லாத புதுஉளிக்கு அகலப் பலகை தட்டையாகவே கைக்கு வருவது பெரிய உதவி.

ஈரமானி

எந்த மரம் என்ற பேச்சு நன்றாகப் போகிறது. அந்த மரத்தில் எவ்வளவு ஈரம் என்பதை யாரும் இன்னும் தொடவில்லை. மலிவு மரத்தின் மேல் வரும் பழியில் பெரும்பங்கு ஈரத்தின் பழிதான்.

பச்சை மரம் உலரும்போது, ஈரம் ஏறத்தாழ 28 சதவீதத்துக்கு வரும்வரை மரம் சுருங்குவதில்லை. மரத்தின் உயிரணுக்களின் உட்குழிகளில் நிற்கும் நீர்தான் முதலில் போகிறது. அதற்குக் கீழே இறங்கும்போதுதான் உயிரணுச் சுவரே சுருங்கத் தொடங்கும். வளையங்களுக்கு இணையான திசையில் சுருக்கம், நடுத்தண்டிலிருந்து வெளியே போகும் திசையில் உள்ளதைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. தட்டையாக (வளையங்கள் பலகையின் முகத்தோடு படுத்து வரும்படி) அறுத்த பலகை குழிவதும் கால்பங்காக (வளையங்கள் முகத்துக்குச் செங்குத்தாக நிற்கும்படி) அறுத்த பலகை அடங்கி இருப்பதும் இதனால்தான்.

ஒரு கணக்கு. தேக்கின் வளையத்திசைச் சுருக்கம், பச்சையிலிருந்து முற்றிலும் உலரும்வரை, சுமார் 5.3 சதவீதம். அதை 28ஆல் வகுத்தால், ஈரம் ஒரு சதவீதம் மாறினால் அகலம் 0.19 சதவீதம் மாறும். 300 மில்லிமீட்டர் அகலமுள்ள பலகையில் ஈரம் 4 சதவீதம் மாறினால் அசைவு 2.3 மில்லிமீட்டர். ரப்பரின் சுருக்கமும் கிட்டத்தட்ட இதே அளவுதான், 5 சதவீதத்தை ஒட்டி. ஐரோப்பிய பீச் மரத்துக்கு அது 12 சதவீதம். அதே பலகை 5 மில்லிமீட்டருக்கு மேல் அசையும். பீச் பெயர்பெற்ற, நல்ல மரம். ஆனால் அகலமான மேசைப் பலகையில் ரப்பரைவிட அதிகம் ஆடும். மரத்தின் பெயருக்கு இருக்கும் மரியாதையை வைத்து இதையெல்லாம் ஊகிக்க முடியாது.

அறைக்குள் வைக்கும் பொருளுக்கு 8 முதல் 12 சதவீத ஈரம் சரி. காற்றின் ஈரப்பதம் 65 சதவீதமாக நிலைத்திருக்கும் அறையில் மரம் ஏறத்தாழ 12 சதவீதத்தில் வந்து நிற்கும். உலர்ந்த காற்றுள்ள அறையில் இன்னும் கீழே போகும். உங்கள் அறை எங்கே நிற்கிறதோ அதற்கேற்ற ஈரத்தில் மரம் வாங்குங்கள். நன்கு உலர்ந்த மாமரம், ஈரத் தேக்கைவிட ஆயிரம் மடங்கு மேல்.

தச்சுப்பட்டறை

கடைசி வரியை நானும் வழிமொழிகிறேன். ஈரத் தேக்கில் செய்த கதவு கோணிக்கொண்டதைப் பார்க்காத ஆசாரி இருக்க முடியாது.

மேசையின் மேற்பலகையை எப்படிப் பூட்டுவது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். பசை போட்டுச் சட்டத்தோடு ஒட்டாதீர்கள். சட்டத்தின் உள்பக்கம் சிறு மரக்கொக்கிகள் வைத்து, அவை ஒரு காடியில் நழுவும்படி பூட்டுங்கள். அல்லது திருகாணி போகும் துளையை அகலத் திசையில் நீள்துளையாகப் போடுங்கள். அசைகிற மரத்தை அசைய விட்டால் எந்த மரமும் மேசையாகும். அடக்கிப் பூட்டினால் தேக்கும் வெடிக்கும்.

புதுஉளி

ஐயா, அக்கா, எல்லோருக்கும் நன்றி. கேள்வியை இப்போது தனித்தனியாக வைக்கிறேன். அலமாரிக்கு ரப்பர் ஒட்டுப் பலகை என்று எடுத்துக்கொண்டால், 90 சென்டிமீட்டர் தட்டு புத்தகப் பாரத்தில் தொய்யாதா? தேக்கைவிட ரப்பர் விறைப்புக் குறைவு என்று படித்தேன்.

ஈரமானி

விறைப்பில் ரப்பர் தேக்கின் முக்கால் பங்கு அளவில் நிற்கும். ஒரே தடிமனில் இரண்டு தட்டுகள் செய்தால் ரப்பர்த் தட்டு மூன்றில் ஒரு பங்கு கூடுதலாகத் தொய்யும். ஆனால் தொய்வு தடிமனின் மும்மடிக்கு எதிர்விகிதத்தில் மாறும். 20 மில்லிமீட்டர் தேக்குத் தட்டுக்கு 22 மில்லிமீட்டர் ரப்பர்த் தட்டு ஈடாகிவிடும். இரண்டு மில்லிமீட்டரில் தீர்கிற வித்தியாசத்துக்கு விலையுயர்ந்த மரம் எதற்கு?

இடைவெளி இன்னும் பெரிய கருவி. நீளவாக்கில் சீராக நிரம்பிய தட்டின் தொய்வு, தாங்கிகளுக்கு இடையிலான தூரத்தின் நான்மடியில் ஏறும். 90 சென்டிமீட்டரை 75 ஆக்குங்கள், தொய்வு பாதிக்கும் கீழே இறங்கிவிடும். 90 கட்டாயம் என்றால், தட்டின் முன் விளிம்பில் 40 மில்லிமீட்டர் உயரச் சட்டம் ஒன்றை நிற்க வைத்து ஒட்டுங்கள். பார்வைக்கும் தடித்த பலகை போலத் தெரியும்.

பழையகதவு

புது மரத்தையே எல்லோரும் பேசுகிறீர்கள். இடிக்கும் கட்டடங்களிலிருந்து வரும் பழைய கதவு, நிலை, உத்தரம், பெட்டி, கட்டில் ஆகியவற்றை யாராவது நினைத்தீர்களா? அங்கேதான் உண்மையான தேக்கு இருக்கிறது. முதிர்ந்த மரத்தின் வைரம், பல பத்தாண்டுகள் உலர்ந்தது. இப்போது குறைந்த வயதில் வெட்டப்படும் தோட்டத் தேக்கில் வெள்ளை அதிகம், அழுகலைத் தாங்கும் திறனும் சற்றுக் குறைவு. பெஞ்சுக்குப் புதிய இளம் தேக்கு வாங்குவதைவிடப் பழைய உத்தரம் ஒன்றை அறுத்துக்கொள்ளலாம். வைரக்கட்டை ஐயாவும் இதை மறுக்க மாட்டார் என்று நினைக்கிறேன்.

கவனிக்க வேண்டியவை: ஆணி. ஒரு காந்தத்தைப் பலகை முழுக்க நகர்த்திப் பார்த்துவிட்டுத்தான் ரம்பம் வையுங்கள். பித்தளை காந்தத்தில் சிக்காது, அதைக் கண்ணால் தேட வேண்டும். பழைய வண்ணப்பூச்சில் ஈயம் இருக்கக்கூடும். அதை உப்புத்தாள் போட்டு உலர்வாகத் தேய்த்துத் தூளாக்காதீர்கள், வீட்டில் குழந்தைகள் இருந்தால் நினைத்தும் பார்க்காதீர்கள். ஈரமாகச் சுரண்டி எடுத்து, கழிவைக் கட்டி அப்புறப்படுத்துங்கள். உளுத்த இடத்தை உளிமுனையால் குத்திப் பாருங்கள். முனை மெத்தென்று இறங்கினால் அந்தத் துண்டை வாங்க வேண்டாம்.

சரக்கு ஏற்றும் மரத்தட்டுகளிலும் நல்ல கடின மரம் சில சமயம் வரும். பன்னாட்டுப் போக்குவரத்துக்கான தட்டுகளில் முத்திரை இருக்கும். வெப்பத்தில் பதப்படுத்தியதற்கு ஒரு குறியும், மெத்தில் புரோமைடு புகை போட்டதற்கு வேறு குறியும் இருக்கும். வெப்பத்தில் பதப்படுத்தியது என்றால் மரத்தின் உட்பகுதி 56 டிகிரி செல்சியசில் 30 நிமிடம் இருந்திருக்கிறது என்று பொருள். புகை போட்டதையும் எண்ணெய் சிந்திய தடம் உள்ளதையும் ஒதுக்குங்கள்.

வைரக்கட்டை

பழைய உத்தரத்தை நான் ஏன் மறுக்கப் போகிறேன்? அதுவும் தேக்குதானே. அதோடு பெஞ்சைப் பற்றி ஒன்றை எல்லோரும் அழுத்தமாகச் சொல்ல வேண்டும். எந்த மரமானாலும், தேக்கே ஆனாலும், வெள்ளைப் பகுதி வெளியில் நிற்காது. அழுகலைத் தாங்குவது வைரம் மட்டுமே. விற்பவர் வெள்ளையின் மேல் நிறம் பூசித் தேய்த்து வைத்திருப்பார். ஓர் ஓரத்தை இழைத்துப் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

தச்சுப்பட்டறை

முழு உண்மை. தேக்கு கைக்கு எட்டாதபோது பெஞ்சுக்கு என் தேர்வு கருவேல் வைரம். வண்டிச் சக்கரத்துக்கும் ஏருக்கும் கோடரிப் பிடிக்கும் காலங்காலமாக உழைத்த மரம். ஆனால் புதுஉளியின் கருவிகளை நினைக்கும்போது யோசிக்க வேண்டியிருக்கிறது. ஒரு கன மீட்டர் தேக்கு 650 கிலோ அளவில் இருக்கும். கருவேல் 800ஐத் தாண்டும். உலர்ந்த கருவேலில் கைரம்பம் ஓட்டுவது தோளுக்குப் பெரும் சோதனை. சட்டங்களை அறுவை மில்லிலேயே அளவுக்கு அறுத்து வாங்கிவிடுங்கள். கழுந்தையும் (துளைக்குள் பொருந்தும் சட்டமுனை) துளையையும் மட்டும் கையால் போடுங்கள். திருகாணிக்கு முன்துளை கட்டாயம். இல்லாவிட்டால் ஆணி முறியும் அல்லது மரம் பிளக்கும்.

இந்த மரத்தில் துவர்ப்புச் சத்து நிறைய. இரும்பு ஆணி போட்டால் மழை பட்டதும் கருங்கறை வழியும். துருப்பிடிக்காத எஃகு அல்லது பித்தளை போடுங்கள்.

பலா வைரமும் பெஞ்சுக்குப் போதும், வேலையும் எளிது. அமரும் சட்டங்களுக்கு இடையில் 8 முதல் 10 மில்லிமீட்டர் இடைவெளி விடுங்கள், தண்ணீர் நிற்கக் கூடாது. கால்களின் அடிமுனைதான் முதலில் அழுகும். இழைமுனை வழியாக ஈரம் மேலே ஏறும். அதை மெழுகோ கெட்டிப் பசையோ ஊற வைத்து அடைத்து, கல்லின் மேல் நிறுத்துங்கள். மரத்தேர்வு பாதி வேலை, தண்ணீரை வெளியேற்றும் வடிவம் மீதிப் பாதி.

நிழல்மரம்

சீமைக்கருவேலை யாருமே சொல்லவில்லையே என்று வருத்தமாக இருக்கிறது. நீரை உறிஞ்சும், பரவிக் கெடுக்கும் என்று எல்லோரும் திட்டும் மரம். வெட்டுவதை யாரும் வருத்தத்தோடு பார்க்கப் போவதில்லை. ஆனால் அதன் வைரம் சிவந்த பழுப்பு, கனம், உலரும்போது தேக்கைவிடக் குறைவாகவே சுருங்கும். எல்லாம் கரியாக எரிந்து போகிறது. கோணல் மாணலாக வளர்வதால் நீளப் பலகை கிடைக்காது என்பது மட்டுமே குறை. இழுப்பறைக் கைப்பிடி, கருவிப் பிடி, பெட்டி, குறுங்கால் மேசையின் கால் எல்லாவற்றுக்கும் போதுமான நீளம் கிடைக்கும். கடைசல் பிடிப்பவர்கள் தயவுசெய்து ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.

கடைசல்காரி

எடுத்திருக்கிறேன், மனதாரச் சொல்கிறேன், பிரமாதம். முள்ளும் மண்ணும் பட்டையோடு வரும், பட்டையை முதலில் உரித்துவிட்டு வேலை தொடங்குங்கள். மண் உளியின் முனையைத் தின்றுவிடும். பூவரசும் இதே வகை. சிறு துண்டுகள்தான் கிடைக்கும், ஆனால் சாக்லேட் நிறம், அடக்கமான மரம். மேசைக்கு வாகை எடுத்தால், இழுப்பறைக் கைப்பிடிக்குப் பூவரசு வைத்துப் பாருங்கள்.

பழையகதவு

வாகை என்றதும் ஒரு எச்சரிக்கை. அதன் தூள் மூக்கில் ஏறினால் தும்மல் நிற்காது. சில்வர் ஓக் சிலருக்குத் தோலில் அரிப்பு தரும். பொதுவாகவே மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வைத்திருக்கிறது. உப்புத்தாள் போடும்போது நல்ல முகக்கவசம் வேண்டும். கைக்குட்டை போதாது. இழைப்புளியில் வேலை செய்தால் தூளுக்குப் பதில் சீவல் வரும். கைக்கருவிக்காரர்களுக்கு அது ஒரு பெரிய பலன்.

புதுஉளி

மேசைக்கு வாகை என்று மனம் உறுதியாகிவிட்டது. ஆனால் பின்னிய இழையில் இழைப்புளி பிய்க்கும் என்றீர்களே, அதை எப்படிச் சமாளிப்பது? இன்னொன்று. மரவாடியில் ஒருவர் "ஆப்பிரிக்கத் தேக்கு" மலிவாகத் தருகிறேன் என்றார். வேறொருவர் "ரோஸ்வுட்" என்று ஒன்றைக் காட்டினார். எடுக்கலாமா?

தச்சுப்பட்டறை

இழைப்பதை முதலில் சொல்கிறேன். அலகு கூர்மையாக இருக்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. அதற்கு மேல், அலகின் மேல் உட்காரும் சீவல்முறி இரும்பை வெட்டுமுனைக்கு மிக அருகே, ஒரு தாளின் தடிமன் அளவுக்குக் கொண்டுவாருங்கள். சீவல் பிளந்து முன்னே ஓடுவதற்குள் அது முறித்துவிடும், பிய்ப்பு பெரும்பாலும் நின்றுவிடும். அலகின் தட்டையான முகத்தில் 10 டிகிரிக்குச் சிறு சரிவு தீட்டினால், 45 டிகிரி இழைப்புளி 55 டிகிரி போல வெட்டும். தள்ள பலம் கூடுதலாக வேண்டும், மேற்பரப்பு சுத்தமாக வரும். மிச்சமிருக்கும் பிய்ப்பைச் சுரண்டுதகட்டால் எடுங்கள். உப்புத்தாளை மட்டும் நம்பாதீர்கள், வாகையில் அது பள்ளத்தை மழுக்குமே தவிர நீக்காது.

மரம் வாங்கும்போதே பலகையின் ஓரத்தைப் பார்த்து, இழை ஒரே பக்கமாக ஏறும் பலகைகளைப் பொறுக்குங்கள். அடுக்கைக் கலைத்துப் பார்க்க விடாத கடையில் வாங்க வேண்டாம்.

நிழல்மரம்

தேக்கு என்ற சொல்லை எதற்கு வேண்டுமானாலும் ஒட்டுகிறார்கள். ஆப்பிரிக்கத் தேக்கு என்று பெரும்பாலும் விற்பது இரோக்கோ, பிரேசில் தேக்கு என்பது குமாரு. இரண்டும் தேக்கின் உறவு இல்லை. இரோக்கோ வெளிவேலைக்கு நல்ல மரம்தான், உங்கள் பெஞ்சுக்கும் பொருந்தும். இரோக்கோவாக நினைத்து, இரோக்கோவின் விலைக்கு வாங்குங்கள்.

ரோஸ்வுட்டைத் தொடாதீர்கள். ஈட்டி மரமும் சிசு மரமும் சேர்ந்த டால்பெர்ஜியா பேரினம் ஏறத்தாழ முழுவதும் 2017 ஜனவரியிலிருந்து அருகிவரும் உயிரினங்களுக்கான பன்னாட்டு வணிக ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. எங்கே வளர்ந்தது, யார் வெட்டினார்கள் என்று சான்று காட்ட முடியாத ரோஸ்வுட் மலிவாக வருகிறது என்றால், யாரோ ஒரு காட்டை இழந்திருக்கிறார்கள். நாம் தேடும் மலிவு அது அல்ல.

வைரக்கட்டை

இதில் எனக்கும் மறுப்பு இல்லை. மலிவைப் பற்றிப் பேசுவதால் இன்னொரு கணக்கும் போட்டுவிடுங்கள் தம்பி. கன அடிக்கு விலை பாதியாக இருக்கும் கட்டையில் வெள்ளை, கணு, வெடிப்பு, கோணல் என்று பாதி கழிந்தால், தேக்கின் விலையைத்தான் கொடுத்திருக்கிறீர்கள், அறுவைக் கூலி தனி. கட்டையாக வாங்காதீர்கள், பலகையாக, இரு பக்கமும் பார்த்து, உங்கள் வெட்டுப்பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு வாங்குங்கள். 60 சென்டிமீட்டர் கால் நான்கு வேண்டும் என்றால், கணுவுக்கு இடையில் 60 சென்டிமீட்டர் சுத்தமாக இருக்கும் மலிவுப் பலகை போதும். மூன்று மீட்டர் குறையில்லாத பலகைக்கு ஏன் காசு கொடுக்க வேண்டும்?

புதுஉளி

முடிவு இது. அலமாரி, மருந்து ஏற்றிய ரப்பர் ஒட்டுப் பலகை, 75 சென்டிமீட்டர் தட்டுகள். மேசைக்கு வாகை, இழுப்பறைப் பக்கங்களுக்குக் குமிழ். பெஞ்சுக்கு இரண்டு பழைய தேக்கு உத்தரம் பார்த்து வைத்திருக்கிறேன், காந்தத்தோடு மறுபடி போகிறேன். வாகைதான் பாதி ஈரத்தில் இருக்கிறது. 30 மில்லிமீட்டர் தடிமன் பலகைகள், அறுத்துச் சில வாரங்கள் ஆகின்றன என்றார்கள். வாங்கி வீட்டில் உலர்த்தலாமா?

ஈரமானி

தாராளமாக வாங்குங்கள், பொறுமை இருந்தால். காற்றில் உலர்த்த, 25 மில்லிமீட்டர் தடிமனுக்கு ஓராண்டு என்பது பழைய வழக்குக் கணக்கு. வெப்பமான, காற்றோட்டமுள்ள இடத்தில் இதைவிடச் சீக்கிரம் உலரும்.

வந்த அன்றே பலகைகளின் இரு முனைகளையும் மெழுகாலோ தடித்த பெயிண்டாலோ அடையுங்கள். முனைவழிதான் ஈரம் வேகமாக ஓடும், முனைவெடிப்பு அங்கேதான் தொடங்கும். தரையிலிருந்து ஒரு முழம் உயர்த்திச் சமதளமாகத் தாங்கிகள் போடுங்கள். பலகைக்குப் பலகை நடுவே 20 மில்லிமீட்டர் உலர்ந்த ரீப்பர்களை 45 சென்டிமீட்டர் இடைவெளியில் வையுங்கள். ஒவ்வோர் அடுக்கிலும் ரீப்பர்கள் ஒன்றன்மேல் ஒன்றாக நேர்கோட்டில் நிற்க வேண்டும். தவறினால் பலகை அலைபோல வளைந்தே உலரும். மேலே கனமாகக் கல் ஏற்றுங்கள். வெயிலும் மழையும் நேராகப் படக் கூடாது, காற்று மட்டும் ஊடே போக வேண்டும். வெள்ளைப் பகுதியை இப்போதே அறுத்து நீக்கிவிட்டால் வண்டுக்கு இடம் இருக்காது.

ஈரத்தை அளக்கும் கருவி இல்லாவிட்டாலும் கவலை இல்லை. பலகையின் முனையிலிருந்து 30 சென்டிமீட்டர் உள்ளே தள்ளி, 25 மில்லிமீட்டர் அகலத்துக்கு ஒரு துண்டு குறுக்காக வெட்டி உடனே எடை போடுங்கள். அதை 103 டிகிரி அடுப்பில், எடை மாறாமல் நிற்கும்வரை உலர்த்தி மறுபடி எடை போடுங்கள். எடை எவ்வளவு குறைந்ததோ அதை உலர்ந்த எடையால் வகுத்து நூறால் பெருக்கினால் இன்றைய ஈரம் தெரியும். துண்டு 130 கிராமிலிருந்து 100 கிராமுக்கு வந்தால் 30 சதவீதம். பிறகு ஒரு பலகையில் சாக்குக்கட்டியால் தேதியும் எடையும் எழுதி அடுக்கின் நடுவில் வையுங்கள். மாதம் ஒருமுறை அதை மட்டும் எடுத்து எடை பாருங்கள். எடை இறங்குவது நின்ற பிறகு, மேசை நிற்கப்போகும் அறைக்குள் கொண்டுபோய் இன்னும் சில வாரங்கள் வைத்துவிட்டு இழைக்கத் தொடங்குங்கள். அதற்குள் ரப்பர் அலமாரி முடிந்திருக்கும்.